மோர்ஸ்பி விலை

முண்டிகா ஊர், மேற்கு மலைநாடு
9 பிப்ரவரி 1998

அன்புள்ள ரும்பா அக்காவுக்கு டெல்மா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறார். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் எழுது.

பள்ளி திறந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். கிலா டீச்சர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு: ஒரு குடும்பம் வாழ மலைநாட்டில் என்ன செலவு, தலைநகரில் என்ன செலவு. அக்கா போர்ட் மோர்ஸ்பியில் இருப்பது இந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் என்பதால் கொடுத்தாராம். ஆய்வு நன்றாக அமைந்தால் கடற்கரையில் இருக்கும் பெரிய பள்ளிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

இருபத்திரண்டு பொருள்கள் எழுதி இரண்டு பக்கமும் கட்டம் போட்டிருக்கிறேன். இங்கே அரிசி கிலோ இரண்டு கினா நாற்பது டோயா. டின் மீன் இரண்டு பத்து. சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவியல் போன வருஷ வறட்சிக்கு முன் ஐம்பது டோயா, இப்போது ஒன்று இருபது. பாக்கு கடற்கரையிலிருந்து மலையேறி வர வேண்டியதால் ஒரு கொட்டைக்கே ஐம்பது டோயா. பெரிய பன்றி எண்ணூறு கினா.

ஒரு சந்தேகமும் வந்தது. போன செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு அரிசி லாரியை மறித்தார்கள். கிளீனரின் கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே கடைக்காரர் அரிசிக்கு இருபது டோயா ஏற்றிவிட்டார். அம்மா சண்டைக்குப் போனாள். "கை போனது அவனுக்கு. காசு மட்டும் எனக்குப் போகணுமா?"

"லாரி வராட்டி நீ என்னத்தத் திம்பே?" என்றார் அவர்.

அந்த இருபது டோயாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று டீச்சரைக் கேட்டேன். 'போக்குவரத்து' என்று எழுதச் சொன்னார்.

உன் கட்டங்களை நிரப்பி அனுப்பு. ஒன்றைக்கூடக் காலியாக விடாதே. காலிக் கட்டம் இருந்தால் மொத்தக் கூட்டலும் பொய்யாகிவிடும்.

உன் தங்கை,
டெல்மா


போர்ட் மோர்ஸ்பி
2 மார்ச் 1998

என் படிப்பாளித் தங்கைக்கு,

உன் கடிதம் அத்தானின் கம்பெனிப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து அவர் சட்டைப் பையில் மூன்று நாள் ஊறி, பிறகு என்னிடம் வந்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவைப் புகையிலையைக் குறைக்கச் சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

நீ கேட்டவை. அரிசி கிலோ மூன்று கினா இருபது. டின் மீன் மூன்று ஐம்பது. கிழங்கு குவியல் நான்கு கினா, அதுவும் சுருங்கிப் போனது. மண்ணெண்ணெய், உப்பு, சோப்பு எல்லாவற்றுக்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், பார். இங்கே எல்லாம் தங்கம், டெல்மா. தண்ணீருக்கு மட்டும் காசில்லை, ஆனால் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே குழாய். போன வெள்ளிக்கிழமை வரிசையில் முந்திய ஒருவனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டார்கள். அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் வாளியை நிரப்பிக்கொண்டு போனான்.

கடைகளில் காசை இரும்பு வலைக்குள் கையை விட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்காரன் முகம்கூடத் தெரியாது.

அத்தான் காவல் வேலைக்குப் போய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுபத்தெட்டு கினா கொண்டுவருகிறார். இதை உன் கட்டத்தோடு சேர்த்து அப்பாவிடமும் கோயிம்பா பெரியப்பாவிடமும் காட்டு. மற்றவர்களும் பார்க்கட்டும்.

பன்றி விலை தெரியவில்லை. விட்டுவிடு.

ரும்பா


முண்டிகா ஊர்
30 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகம் தெரிந்து மகிழ்ந்தோம். அம்மாவுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் வைத்தது, இப்போது பரவாயில்லை.

உன் எண்களைச் சிவப்பு மையால் எழுதினேன். அரிசிக் கட்டத்தில் கிலா டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அரிசி மோர்ஸ்பியில்தான் கப்பலிலிருந்து இறங்குகிறது, பிறகுதான் மலையேறி வருகிறது, அங்கே குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்றார். என் அக்கா கண்ணால் பார்த்து எழுதுகிறாள் டீச்சர் என்றேன். கண்ணால் பார்த்ததை நம்ப வேண்டியதுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீ சொன்னபடி பெரியப்பா வீட்டில் சத்தமாகப் படித்தேன். அவர் புகையிலையைச் சுருட்டத் துண்டு செய்தித்தாள் கிழித்துக்கொண்டிருந்தார். (சந்தையில் பழைய செய்தித்தாளைப் புகைக்க விற்கிறார்கள். அவர்கள் கொளுத்துவதற்குள் நான் படித்துவிடுவேன்.) கேட்டுக்கொண்டே வந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"கூரைத் தகரத்துக்கு அவகிட்ட இருநூறு கினா கேக்கலாம்னு இருந்தேன். பாவம், அவளே அங்க வலைக்குள்ள கைய விட்டுத் திங்கிறா" என்றார்.

"நம்ம பையன் பாருவா அங்கதான போயிருக்கான், அவன் அனுப்ப மாட்டானா?" என்றாள் பெரியம்மா.

"அவன் அனுப்பறதுக்குள்ள தகரம் துருப்புடிச்சிரும்" என்றார் பெரியப்பா.

உன்னிடம் ஒரே ஒரு குறை. பன்றிக் கட்டம் காலியாக இருக்கிறது. கல்யாணம், சாவு, சண்டை, சமாதானம் எல்லாம் பன்றியில்தானே நடக்கிறது. அது இல்லாமல் மலைக்காரன் ஒருவனின் வாழ்க்கைச் செலவை எழுதுவது எப்படி? தயவு செய்து விசாரித்து எழுது. இது ஒன்று கிடைத்தால் என் ஆய்வு முழுமையாகிவிடும்.

அன்புடன்,
டெல்மா


போர்ட் மோர்ஸ்பி
24 ஏப்ரல் 1998

டெல்மாவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவின் காலில் பச்சிலை மட்டும் வைக்காமல் மருந்தகத்துக்குக் கூட்டிப்போ. பெரியப்பா தகரம் கேட்காமல் விட்டதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

பெரிய பன்றி இரண்டாயிரத்து நானூறு கினா. எழுதிக்கொள்.

பாருவா எங்கள் வீட்டில்தான் தரையில் பாய் போட்டுப் படுக்கிறான். வேலை கிடைக்கவில்லை. பாக்குச் சந்தைக்குப் பின்னால் அம்பு எறியும் பலகை இருக்கிறது, அங்கேயே கிடக்கிறான். அங்கே விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் அத்தானின் கெலிப் குலத்து ஆட்கள். ஊரில் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தவர்கள் இங்கே ஒரே பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள். தோற்றவன் பீர் வாங்க வேண்டும்.

"நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லு" என்று அத்தானிடம் சொன்னேன்.

"நான் சொன்னா கெலிப்காரன் மெரட்டினான்னு ஆயிரும். உங்க வீட்டு ஆளு, நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். "அக்கா, நான் ஜெயிக்கிறேன்க்கா, அதான் அவனுங்களுக்கு எரியுது" என்று சிரித்தான்.

ரும்பா


போர்ட் மோர்ஸ்பி
18 மே 1998

டெல்மா,

இந்தக் கடிதத்துக்கு முன்பே வானொலியில் கேட்டிருப்பீர்கள். சனிக்கிழமை பிற்பகல் பாருவாவைக் குத்திவிட்டார்கள். விலா எலும்புக்குக் கீழே இரண்டு, கழுத்தில் ஒன்று. குத்தியவன் அத்தானின் சித்தப்பா மகன். பத்து கினா பந்தயம்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். லாரியின் பின்னால் என் மடியில் தலை வைத்திருந்தான். வழியிலேயே உயிர் போய்விட்டது.

புதன்கிழமை விமானத்தில் உடலை அனுப்புகிறார்கள். அத்தான் கம்பெனியில் சம்பள முன்பணம் வாங்கிப் பெட்டிக்குக் கொடுத்தார். கொடுத்தது யார் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள், அது முக்கியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வர முடியாது. கெலிப் வீட்டிலிருந்து எழுந்து முண்டிகா துக்கத்துக்கு நான் எப்படி நடந்து வருவேன்.

ரும்பா


முண்டிகா ஊர்
15 ஜூன் 1998

அன்புள்ள அக்கா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னாள். நீ எப்படி இருக்கிறாய்?

பாருவா அண்ணனைப் புதைத்தோம். பெரியம்மா உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கொண்டு பதினைந்து நாள் அழுதாள், குரல் போய்விட்டது. அத்தான் பெட்டிக்குப் பணம் கொடுத்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 3 அன்று கெலிப் ஆட்கள் உயிர்விலை பேச ஓடையைத் தாண்டி வந்தார்கள். கத்தி வில் எதுவும் இல்லாமல், கரும்பைத் தோளில் சுமந்துகொண்டு, பணிவாகத்தான் வந்தார்கள். நாற்பது பன்றி தருவதாகச் சொன்னார்கள். வறட்சிக்குப் பிறகு அவர்களிடம் இருப்பது பன்னிரண்டுதான். மீதி இருபத்தெட்டுக்குப் பணம். பன்றிக்கு எண்ணூறு என்றால் இருபத்திரண்டாயிரத்து நானூறு கினா. காப்பித் தோட்டம் எல்லாம் சேர்த்து அதற்கு வழி செய்திருந்தார்கள்.

பெரியப்பா எழுந்து நின்றார். "என் மகன் இங்கயா செத்தான்?" என்று கேட்டார். "மோர்ஸ்பியில செத்தான். ரத்தம் மோர்ஸ்பி மண்ணுல விழுந்துது. அப்ப அந்த ஊரு வெலையக் குடு." பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ளே, உன் காகிதத்த எடுத்தா. இவனுங்க காதுல விழற மாதிரி படி."

அக்கா, நான் படித்தேன். இருநூறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அங்கே நின்று பேசி நான் பார்த்ததில்லை. என் குரல் நடுங்கவில்லை என்று எனக்குள் பெருமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமைப்பட்டேன்.

கெலிப் பெரியவர் நிக்கிந்து சிரித்தார். "ஒரு பன்னிக்கு ரெண்டாயிரத்து நானூறா? அது என்ன, பஸ்ஸு ஓட்டுமா?"

"டீச்சர் கையெழுத்துப் போட்ட காகிதம்யா அது" என்றார் பெரியப்பா.

இருபத்தெட்டை இரண்டாயிரத்து நானூற்றால் பெருக்கினால் அறுபத்தேழாயிரத்து இருநூறு. அவர்கள் கரும்பை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஓடைக்கரையில் நம் பையன்கள் யாரோ பின்னாலிருந்து கல்லெறிந்தார்கள், அவர்களில் ஒருவரின் கண்ணில் பட்டது. அன்று மாலைக்குள் அவர்களுடைய ஆறு வீடுகளைக் கொளுத்தினோம். மறுநாள் அவர்கள் நம்முடைய ஒன்பதை. இரும்புக் குழாயில் ஆணி நிரப்பிச் சுடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. சித்தப்பா யம்பியின் வயிற்றில் ஆணி பாய்ந்து, மூன்று நாள் தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தார். நான்தான் இலையில் தண்ணீர் கொடுத்தேன். அது வயிற்று வழியாகவே வந்துவிட்டது.

நீ பத்திரமா? எழுது.

டெல்மா


போர்ட் மோர்ஸ்பி
20 ஜூலை 1998

டெல்மா,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். வலக்கைக்குக் கொஞ்ச நாள் வேலையில்லை. பயப்படாதே, சாப்பிட இடக்கை போதும்.

யம்பி சித்தப்பாவை நினைத்து அழுதேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ எழுதவில்லை.

உன் காகிதம் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். "இரண்டாயிரத்து நானூறு வருது பார்" என்று என்னைக் கைகாட்டிச் சொல்கிறார்கள். அத்தானின் அத்தைகள் மூன்று பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். விறகுக் கட்டையோடு வந்தார்கள். அத்தான் வேலையில் இருந்தார். அவர் திரும்பி வந்து பார்த்ததிலிருந்து இரும்புக் கம்பியோடு கதவோரத்தில்தான் படுக்கிறார், தன் சொந்த ஆட்களுக்கு எதிராக. அதற்காக அவருக்கும் இரண்டு முறை அடி விழுந்தது.

பேருந்து நிறுத்தத்தை நம் முண்டிகா ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கெலிப்காரன் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அத்தான் விடிந்ததும் குன்றைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் நடந்து வேலைக்குப் போகிறார். அங்கே கோடாலியோடு உட்கார்ந்திருப்பது பாருவாவின் தம்பி தீமா. போன மாதம்தான் ஊரிலிருந்து வந்தானாம். அவன் பிறந்தபோது பெரியம்மா என் கையில்தான் முதலில் கொடுத்தாள்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு.

ரும்பா


முண்டிகா ஊர்
10 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்கா,

உன் கை என்ன ஆயிற்று என்று நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். அம்மாவிடம் நீ வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அம்மாவும் நம்பியதுபோல இருந்தாள்.

அம்மா நலம். அப்பா இரவும் பகலும் காவலில் இருக்கிறார், இருமினால் அம்பு வரும் என்று வாயில் துணியைக் கடித்துக்கொண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து இதுவரை ஏழு பேர் செத்துவிட்டார்கள். காப்பிச் செடிகளை வெட்டிவிட்டார்கள், நாமும் அவர்களுடையதை வெட்டினோம். பள்ளியைக் கொளுத்தினார்கள். எது யாருடைய தீ என்று தெரியவில்லை. கிலா டீச்சர் கோயில் கொட்டகையில் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார், பதினொரு பேர்தான் வருகிறோம். என் ஆய்வு அவருடைய பையில் இருந்ததால் எரியவில்லை.

இனி ஒன்று கேட்கிறேன். கோபிக்காதே.

நேற்று சந்தையில் புகையிலைக்குக் கிழித்து வைத்திருந்த செய்தித்தாளில் மோர்ஸ்பி கடையின் விளம்பரம் இருந்தது. மார்ச் மாதத் தாள். அரிசி கிலோ ஒன்று தொண்ணூற்றைந்து. டின் மீன் ஒன்று எழுபது. சோப்பு, உப்பு, எண்ணெய் எல்லாம் நீ எழுதியதில் பாதி. பத்து டோயா கொடுத்து அந்தத் துண்டை வாங்கி வந்தேன். நூறு முறை பார்த்துவிட்டேன்.

அக்கா, பன்றி எவ்வளவு?

டெல்மா


போர்ட் மோர்ஸ்பி
31 ஆகஸ்ட் 1998

டெல்மா,

எனக்குக் கோபமில்லை. உடம்பு பரவாயில்லை. இடக்கைக்குப் பழகிவிட்டது.

எல்லா விலையையும் ஏற்றித்தான் எழுதினேன். நீ கேட்ட முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். நான்கு வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஊரிலிருந்து யாராவது கேட்பார்கள். தகரம், பள்ளிக் கட்டணம், விமானச் சீட்டு, யாருடைய கல்யாணத்துக்கோ பங்கு. மோர்ஸ்பியில் இருப்பவள் என்றால் காசு மரத்தில் காய்க்கிறது என்று நினைக்கிறார்கள். அறுபத்தெட்டு கினாவில் நான் யாருக்கு இல்லை என்பது? இல்லை என்று சொன்னால் நான் உறவை மறந்தவள். விலை அதிகம் என்று சொன்னால் நான் பாவம். நீ படித்துக் காட்டியதும் பெரியப்பா தகரம் கேட்காமல் விட்டாரே, அன்று நான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பன்றி விலை எனக்குத் தெரியாது. இங்கே பன்றி விற்கும் இடத்துக்கு நான் போனதே இல்லை. காலிக் கட்டம் வேண்டாம் என்று எழுதினாயே. உன் எண்ணூற்றை மூன்றால் பெருக்கினேன். அவ்வளவுதான்.

இதை யாரிடமும் சொல்லாதே. ஏழு பிணத்தை யார் தலையில் வைப்பது என்று இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் தலை கிடைத்தால் யாருக்கும் சிரமமிருக்காது. இந்த முறை விறகுக் கட்டையோடு நிற்காது.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

ரும்பா


முண்டிகா ஊர்
30 செப்டம்பர் 1998, புதன்கிழமை

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். இதை உண்மையாகவே எழுதுகிறேன். சமாதானம் ஆகிவிட்டது. மாலையில் வானொலியில் சொல்வார்கள், இந்தக் கடிதம் வருமுன்பே நீ கேட்டிருப்பாய். ஆனால் எப்படி நடந்தது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

காலையில் போலீசும் பாதிரியாரும் இரண்டு பக்கத்தையும் கோயில் மைதானத்தில் உட்கார வைத்தார்கள். பன்றிக்கு எண்ணூறு என்று அவர்கள், இரண்டாயிரத்து நானூறு என்று நாம். பகல் வரைக்கும் அதே பேச்சு. பையன்கள் புல்லுக்குள் மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகளின் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். நான் எழுந்து போய் நடுவில் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"அந்த எண் பொய். நான்தான் எழுதினேன்" என்றேன். "இங்கே என்ன விலையோ அங்கேயும் அதே விலைதான் என்று அக்கா எழுதியிருந்தாள். என் ஆய்வு பெரிதாகத் தெரிய வேண்டும், டீச்சர் என்னைப் பெரிய பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று நானே மூன்றால் பெருக்கிவிட்டேன்."

பெரியப்பா கிட்டே வந்து மெதுவாகத்தான் கேட்டார். "ஏழு பேரு செத்தது உன் பொய்க்காடி?"

ஆமாம் என்றேன். வெட்டுக்கத்தியைத் திருப்பி அதன் அகலத்தால் வாயில் அடித்தார். இரண்டாம் அடி முதுகில். பிறகு எனக்கு நினைவில்லை. அப்பா மேலே விழுந்து மறைத்துக்கொண்டார் என்று அம்மா சொல்கிறாள்.

நினைவு வந்தபோது நிக்கிந்து பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஊரு புள்ளைங்க பன்னிய எண்ணத்தான் படிக்குது. உங்க புள்ள காகிதத்துலயே குட்டி போட வெச்சிருக்கு." கெலிப் பக்கம் சிலர் சிரித்தார்கள். நம் பக்கமும் ஒருவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சு இலகுவாகிவிட்டது. எண்ணூறு. முடிந்தது. பன்னிரண்டு பன்றியையும் முளையில் கட்டிவிட்டார்கள்.

கிலா டீச்சரும் அங்கே இருந்தார். பையிலிருந்து என் ஆய்வை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, என் பக்கத்தில் புல்மேல் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்ல மாட்டேன்.

முன்பல் இரண்டு இல்லை. பேசினால் காற்று போகிறது. வேறொன்றுமில்லை. உன்மேல் இனி யாருக்கும் சந்தேகம் வராது. அத்தான் இனிக் குன்றைச் சுற்ற வேண்டாம் என்று சொல்.

டெல்மா


போர்ட் மோர்ஸ்பி
26 அக்டோபர் 1998

என் டெல்மாவுக்கு,

உன் வாய் எப்படி இருக்கிறது? முதுகில் இன்னும் வலி இருந்தால் அம்மாவிடம் மறைக்காதே. அப்பாவுக்கும் அடி பட்டிருக்கும், அவர் சொல்ல மாட்டார், நீ பார்.

ஊரில் எல்லாம் கேட்டிருப்பீர்கள். கேட்காததை நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை வானொலியில் சமாதானம் சொன்னார்கள். அத்தான் இன்னொரு முறை சொல்வார்களா என்று வானொலிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை காலை, "நாலு மாசமாச்சு, இன்னைக்கு பஸ்ஸுல போறேன்" என்றார். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன், இடக்கையால். நிறுத்தத்தில் தீமா இருந்தான். அவன் வானொலி கேட்கவில்லை என்கிறார்கள். கேட்டான் என்றும் சொல்கிறார்கள். கோடாலியால் தோளில் ஒன்று, விழுந்த பிறகு தலையில் மூன்று. பக்கத்தில் பாக்கு விற்கும் பெண் ஓடி வந்து என்னைக் கூட்டிப் போனாள். சட்டைப் பையில் பேருந்துக்கான ஐம்பது டோயா அப்படியே இருந்தது.

இதை நீ உன் மேல் போட்டுக்கொள்ளாதே. என் பொய் ஒன்றைத்தான் நீ போட்டுக்கொள்ளலாம், அதை முன்பே போட்டுக்கொண்டுவிட்டாய்.

விலை பேசி முடித்த பிறகுதான் உடலை அனுப்புவோம் என்றார்கள் கெலிப் பெரியவர்கள். போன சனிக்கிழமை போலீஸ் இரண்டு பக்கத்தையும் கால்பந்து மைதானத்தில் உட்கார வைத்தது. நாற்பது பன்றி. நம் ஆட்களிடமும் இப்போது பன்றி இல்லை, முழுவதும் பணம். கெலிப் ஆட்கள், "செத்தது மோர்ஸ்பியில. மோர்ஸ்பி வெலையக் குடு" என்றார்கள்.

"அது பொய்னு எங்க புள்ளையே சொல்லிருச்சே" என்றார்கள் நம் ஆட்கள்.

"பொய்னா மெய் என்னன்னு கேட்டுட்டு வரலாமே. யாரு போறீங்க?"

யாரும் போகத் தயாராக இல்லை. வெளியே போகிறவன் திரும்பி வருவானா என்று இரண்டு பக்கத்துக்கும் பயம். "அந்தப் பொம்பள போகட்டும்" என்றார் ஒருவர். "அவ ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம்."

சேறு பூசிய முகத்தோடு நகரத்துக்கு வெளியே கிழக்குச் சாலைவரை நடந்தேன். வேலிக்குள் இருபது பன்றிகள் இருந்தன. இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக விலை கேட்டேன்.

"எந்த ஊருக்காரிம்மா நீ?" என்றான் விற்கிறவன்.

"மலைநாடு."

"அப்பன்னா ரெண்டாயிரத்து நானூறு."

"மத்தவங்களுக்கு?"

"ஆயிரம். உங்க ஆளுங்கதான் அந்த வெலையச் சொல்லி ஊரெல்லாம் வெட்டிக்கிறாங்களே. உங்களுக்கு அதுதான் வெலைன்னா எனக்கென்ன, அதையே வெச்சுட்டேன். போன மாசம் ரெண்டு வித்துருச்சு."

திரும்பி நடந்தேன். வெயில். மைதானத்தில் நான் நுழைந்ததும் முன்னூறு ஆண்களும் என் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் கெலிப் பெரியவர் ஒருவர் கோலை ஊன்றி எழுந்து, "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டார். எனக்கு அப்பா வாயில் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நீ எழுதியதுதான் கண்ணில் நின்றது. அத்தானின் பெயரை நான் வாயால் சொல்லக்கூடாது. மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

"எண்ணூறு" என்றேன்.

ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. தன் புருஷனின் விலையை எந்தப் பெண்தான் குறைத்துச் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் அவரைக் கொண்டு வருகிறேன். அழுவதற்கு நான் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். அம்மாவிடம் சொல்லி வை.

உன் அக்கா,
ரும்பா